இரண்டு சதவீதச் சரிவு: விண்மீனை ஒட்டிச் சுற்றும் வியாழன்களைச் சிறிய தொலைநோக்கியில் அளப்பது

20 செ.மீ. தொலைநோக்கி, குளிரூட்டிய கேமரா, விண்மீனைப் பின்தொடரும் மவுண்ட், ஒரு மடிக்கணினி. பல நூறு ஒளியாண்டு தள்ளி ஒரு வாயுக்கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடந்து போவதை அளக்க இவ்வளவு போதும். கோள் எந்தப் படத்திலும் தெரியாது. விண்மீனின் ஒளி ஒன்றிலிருந்து இரண்டரை சதவீதம் வரை இறங்கி, ஒன்றிரண்டு மணி நேரம் இறங்கியே கிடந்து, பிறகு பழைய அளவுக்கு ஏறும். அந்தச் சரிவை வரைபடத்தில் கொண்டுவருவதுதான் வேலை.

புதிதாக இதில் இறங்குபவர்கள், விண்மீன் மங்கலாக இருப்பதுதான் சிக்கல் என்று நினைத்துப் பெரிய தொலைநோக்கி தேடுகிறார்கள். 12-ஆம் பொலிவெண் விண்மீனுக்கு 20 செ.மீ. தாராளம் (பொலிவெண் விண்மீனின் ஒளி அளவு; எண் கூடக் கூட விண்மீன் மங்கல்). உண்மையான பாடு வேறு: மூன்று மணி நேரத்துக்கு மேல் கருவியில் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபோகஸ் மாறினாலும், விண்மீன் சென்சாரில் நகர்ந்தாலும், லென்ஸில் பனி படிந்தாலும், ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்தைத் தின்னும் அல்லது ஒரு சதவீதத்தை உண்டாக்கும். கோள் தரும் மாற்றமும் அதே அளவுதான். கீழே சொல்லும் எல்லா முன்னெச்சரிக்கைக்கும் காரணம் இது ஒன்றே.

முதலில், ஏன் இந்த வகைக் கோள்கள் மட்டும் நம் கைக்கு எட்டுகின்றன என்று பார்த்துவிடலாம். 1995-இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி விண்மீனைச் சுற்றும் கோளை அறிவித்தார்கள். நம் வியாழனில் ஏறக்குறையப் பாதி நிறை, ஆனால் 4.23 நாளில் ஒரு சுற்று. நம் வியாழனுக்கு ஒரு சுற்றுக்கு 12 ஆண்டு ஆகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்கு 2019-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர்கள் பார்த்தது விண்மீன் முன்னும் பின்னும் ஆடும் ஆட்டத்தை. ஒரு கோள் விண்மீனை மறைப்பதை முதலில் பார்த்தது 1999-இல், எச்.டி. 209458 விண்மீனில். டேவிட் சார்போனோ, டிமோத்தி பிரவுன் குழுவின் கருவிக்கு முகப்பு விட்டம் 10 செ.மீ.தான். கிரெக் ஹென்றியின் குழுவும் அதே ஆண்டு தனியாக அதைக் கண்டது.

விண்மீனை ஒட்டிச் சுற்றுவதால் மூன்று வசதிகள். சுற்றுப்பாதை எந்தச் சாய்விலும் இருக்கலாம். அது நம் பார்வைக் கோட்டில் விண்மீனை மறைக்கும் வாய்ப்பு, விண்மீனின் ஆரத்தைச் சுற்றுப்பாதையின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். ‘சூடான வியாழன்கள்’ எனப்படும் இந்த வகைக் கோள்களுக்கு அது சுமார் 10 சதவீதம். பூமி போன்ற தூரத்தில் உள்ள கோளுக்கு அரை சதவீதம்கூட இல்லை. இரண்டாவது, கடப்பு, அதாவது கோள் விண்மீனின் முகத்தைக் கடப்பது, சில நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். மூன்றாவது, ஆழம். கோளின் ஆரத்தை விண்மீனின் ஆரத்தால் வகுத்து வர்க்கப்படுத்தினால் சரிவின் ஆழம். வியாழன் சூரியனில் பத்தில் ஒரு பங்கு என்பதால் 1 சதவீதம். பூமி அளவுக் கோளுக்கு 0.01 சதவீதத்துக்கும் கீழே. தரையிலிருந்து நாம் அதை நினைத்துப் பார்க்க வேண்டாம். வெப்பத்தில் உப்பிய கோள்கள் இன்னும் உதவி செய்கின்றன. எச்.டி. 209458 பி-யின் (விண்மீன் பெயரோடு ‘பி’ சேர்ந்தால் அதன் கோள்) நிறை வியாழனில் சுமார் 0.7 பங்கு, ஆரமோ 1.4 மடங்கு. விண்மீன் சிறியதாக இருந்தாலும் ஆழம் கூடும்: எச்.டி. 189733-இன் ஆரம் சூரியனில் ஏறக்குறைய 0.8 பங்குதான், அதனால் அதன் கோள் 2.4 சதவீதச் சரிவைத் தருகிறது.

எந்தக் கோள், எந்த இரவு

பிரபலமான கோளைத் தேடிப் போவது முதல் தவறு. எச்.டி. 189733-உம் எச்.டி. 209458-உம் பொலிவெண் 7.7-க்கு அருகில் உள்ள பிரகாசமான விண்மீன்கள். கேட்க நன்றாக இருக்கும். 20 செ.மீ. தொலைநோக்கியின் சின்னப் பார்வைப் புலத்தில் அவற்றுக்கு இணையாகப் பிரகாசிக்கும் இன்னொரு விண்மீன் கிடைப்பது அரிது. காற்றால் வரும் மாற்றத்தை நீக்க, இலக்கின் ஒளியைப் பக்கத்து விண்மீனின் ஒளியால் வகுத்தே அளக்கிறோம்; ஒப்பிட ஆள் இல்லாமல் அளவெடுக்க முடியாது. இந்த இரண்டுக்கும் 200 மி.மீ. டெலிஃபோட்டோ லென்ஸ் மாட்டிய சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவே மேல், அகலமான புலத்தில் ஏழெட்டு ஒப்பீட்டு விண்மீன்கள் வந்துவிடும். எச்.டி. 189733-ஐக் கண்டுபிடிப்பதும் சுலபம். குள்ளநரி மண்டலத்தில் டம்பெல் நெபுலாவுக்குப் பக்கத்திலேயே, முழு நிலவின் அகலத்துக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது.

தொலைநோக்கியோடு தொடங்குபவர்களுக்கு ட்ரெஸ்-3 பி நல்ல முதல் இலக்கு. ஹெர்குலிஸ் மண்டலம், பொலிவெண் 12.4, ஆழம் சுமார் 2.5 சதவீதம், முழுக் கடப்பும் சுமார் 80 நிமிடம். ஆழம் அதிகம், நேரம் குறைவு; முதல் முயற்சிக்கு வேறென்ன வேண்டும்? கத்தார்-1 பி-யும் இதே ரகம்: டிராகோ மண்டலம், ஆழம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல், நேரம் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் கூடுதல், விண்மீன் மட்டும் இன்னும் சற்று மங்கல். மூன்று மணி நேரம் நீளும் வாஸ்ப்-12 பி, ஹாட்-பி-32 பி போன்றவற்றைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரெஸ்-3 பி-யின் சுற்றுக்காலம் 1.306 நாள், அதாவது 31 மணி 21 நிமிடம். இன்று நள்ளிரவில் கடப்பு என்றால் அடுத்தது நாளை மறுநாள் காலை 7.21-க்கு, பகலில். அதற்கடுத்ததும் பகலில் போய்விடும். மூன்று சுற்று முடிந்து நான்காவது இரவில், நள்ளிரவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால், மறுபடி அகப்படும். இந்தக் கணக்கை இணையப் பட்டியல்கள் உங்கள் அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் போட்டுத் தரும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். நேர மண்டலத்தைத் தப்பாகக் கொடுத்து, கடப்பு முடிந்த பிறகு கருவியைத் திறப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

இரவைத் தேர்ந்தெடுக்கும்போது கடப்பு நேரத்தை மட்டும் பார்க்கக் கூடாது. சரிவு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பும், ஏற்றம் முடிந்து ஒரு மணி நேரம் பின்பும் விண்மீன் தொடுவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் எதுவும் நடக்காது. அதனாலேயே பலர் அதைச் சுருக்கிவிடுகிறார்கள். எதுவும் நடக்காத அந்தத் தட்டையான பகுதிகள்தான் அளவுகோல். ஒரு பக்கம் இல்லாவிட்டால், வளிமண்டலத்தால் வரும் சாய்வு எவ்வளவு, கோளால் வரும் இறக்கம் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. ட்ரெஸ்-3 பி-க்கு மொத்தம் 200 நிமிடம். 60 விநாடி எக்ஸ்போஷர், படத்தை இறக்க 5 விநாடி என்றால் சுமார் 185 படங்கள். அதில் 74 கடப்புக்குள் விழும்.

ஜெர்மன் ஈக்வடோரியல் மவுண்ட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: விண்மீன் எப்போது உச்சிக்கோட்டை (தலைக்கு மேல் வடக்கு-தெற்காகச் செல்லும் கோடு) கடக்கிறது? அங்கே மவுண்ட் புரள வேண்டும். புரண்டதும் படம் தலைகீழாகும், எல்லா விண்மீன்களும் சென்சாரின் வேறு மூலைக்குப் போகும், ஒளி வளைகோட்டில், அதாவது நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடத்தில், ஒரு படிக்கட்டு விழும். முழு ஓட்டமும் உச்சிக்கோட்டின் ஒரே பக்கத்தில் முடியும் கடப்புகளைத் தேர்ந்தெடுப்பதே நிம்மதி. தவிர்க்க முடியாவிட்டால் புரட்டலைக் கடப்புக்கு வெளியே உள்ள நேரத்தில் வைத்து, இரு பகுதிகளையும் தனித்தனியாகக் கணக்கிட்டு இணைக்கலாம். சரிவின் நடுவிலோ ஏற்றத்தின் நடுவிலோ புரட்டினால் அந்த இரவை நேர அளவீட்டுக்குப் பயன்படுத்த முடியாது.

எக்ஸ்போஷர் கணக்கு

இரண்டு வகை இரைச்சல்கள் உங்களைக் கட்டுப்படுத்தும். ஒன்று, ஒளித்துகள்களின் எண்ணிக்கை. ஒரு படத்தில் விண்மீனிலிருந்து 1,00,000 எலெக்ட்ரான் சேர்ந்தால், அதன் வர்க்கமூலம் 316, ஆக 0.32 சதவீத இரைச்சல். 10,00,000 சேர்த்தால் 0.1 சதவீதம். மற்றொன்று வளிமண்டலம் உண்டாக்கும் மினுமினுப்பு. வழக்கமான சூத்திரப்படி, கடல் மட்டத்தில் 20 செ.மீ. தொலைநோக்கிக்குத் தலைக்கு நேர் மேலே 10 விநாடி எக்ஸ்போஷரில் சுமார் 0.27 சதவீதம், 60 விநாடியில் 0.11 சதவீதம். 30 டிகிரி உயரத்தில், காற்றின் தடிமன் இரட்டிப்பாகும் இடத்தில், இது மூன்று மடங்குக்கும் மேல் ஏறும். விண்மீன் எவ்வளவு பிரகாசமானாலும் இந்த மினுமினுப்பு குறையாது. பிரகாசமான விண்மீனுக்கு அரை விநாடிப் படங்களை அடுக்கிக்கொண்டே போவது ஏன் பலன் தருவதில்லை என்பதற்கு இதுவே விடை.

எனவே எக்ஸ்போஷர் 30 முதல் 90 விநாடிக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் நீட்டினால் சரிவு தொடங்கும் நேரத்தைக் குறிக்கப் புள்ளிகள் போதாது. பிரகாசமான விண்மீன் அந்த நேரத்தில் நிரம்பிவிடுமே என்றால், ஃபோகஸை வேண்டுமென்றே கலைக்க வேண்டும். அழகான படம் எடுத்துப் பழகியவர்களுக்கு இது மனசுக்கு ஒப்பாது. விண்மீன் கூர்மையான புள்ளியாக இல்லாமல் 15, 20 பிக்சல் அகலமுள்ள வளையமாகத் தெரிய வேண்டும். அப்போது ஒளி நூற்றுக்கணக்கான பிக்சல்களில் பரவும். ஒரு பிக்சலின் குறை மொத்தத்தில் கரைந்துபோகும். ட்ரெஸ்-3 போன்ற 12-ஆம் பொலிவெண் விண்மீனுக்கு இவ்வளவு வேண்டாம், லேசாகக் கலைத்தால் போதும். பரப்பு கூடக் கூட வானத்தின் ஒளியும் சென்சாரின் வாசிப்பு இரைச்சலும் கூடவே வந்து சேரும். பக்கத்து விண்மீனோடு வளையம் ஒட்டிக்கொள்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிக்சலில் பதியும் உச்ச எண்ணிக்கையை எங்கே நிறுத்துவது? 65,535 வரை எண்ணும் கேமராவில் தொடக்கத்தில் 30,000-க்கு அருகில். இடம் வீணாகிறதே என்று 55,000-க்கு ஏற்றாதீர்கள். விண்மீன் கிழக்கிலிருந்து ஏற ஏறப் பிரகாசம் 10, 20 சதவீதம் கூடும். நடுநிசிக்கு மேல் காற்று அமைதியானால் விண்மீனின் உருவம் இன்னும் இறுகி, உச்சம் ஒன்றரை மடங்காகலாம். தொடக்கத்தில் 55,000 இருந்தது ஒன்றரை மணி நேரத்தில் நிரம்பி, வளைகோட்டின் நடுப்பகுதி தட்டையாக வெட்டுப்படும். அதன்பின் அதைத் திருத்த வழியே இல்லை. பழைய சி.சி.டி. கேமராக்கள் சில, பாதி அளவைத் தாண்டினாலே நேர்விகிதத்தை விட்டு விலகும். உங்கள் கேமரா எப்படி என்று ஒரு மேகமூட்டமான நாளில் சோதித்துவிடலாம். ஒளி மாறாத பலகை முன் 1, 2, 3 விநாடி என்று 20 விநாடி வரை எடுத்து, எண்ணிக்கையை வரைபடமாக்குங்கள். கோடு வளையத் தொடங்கும் இடமே உங்கள் உச்சவரம்பு. 12-பிட் சென்சார் உள்ள கேமராக்களில் மென்பொருள் எண்ணிக்கையை 16-ஆல் பெருக்கிக் காட்டும். அங்கே 65,520-தான் உச்சம்.

ஃபில்டர் சிவப்பாக இருக்கட்டும், அல்லது நீலத்தை மட்டும் தடுக்கும் ஃபில்டர். நீல ஒளியைக் காற்று அதிகம் சிதறடிக்கிறது. ஃபில்டரே இல்லாமல் எடுத்தால் விண்மீன் இறங்க இறங்க ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் மங்கி வளைகோடு கோணலாகும். டி.எஸ்.எல்.ஆர். பயன்படுத்தினால் ரா வடிவில் சேமித்து, பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்தெடுங்கள். நிறம் கலந்து உருவாக்கிய படத்தில் பக்கத்துப் பிக்சல்களின் மதிப்பு ஒன்றோடொன்று கலந்திருக்கும். அதில் அளவெடுக்கக் கூடாது.

பொய்க் கடப்பு எங்கிருந்து வருகிறது

சென்சார் கண்ணாடியில் ஒட்டிய ஒரு தூசி, படத்தில் வளைய நிழலாக விழும். அதற்குள் ஒளி 2, 3 சதவீதம் குறைவாக இருக்கும். மவுண்டின் துருவச் சீரமைப்பு (அதன் அச்சை வானத் துருவத்துக்கு நேராக்குவது) சற்றுப் பிசகி, விண்மீன் மூன்று மணி நேரத்தில் 40 பிக்சல் நகர்கிறது என்று வையுங்கள். அது மெதுவாக அந்த நிழலுக்குள் நுழைந்து, ஒரு மணி நேரம் அதிலேயே இருந்து, மெதுவாக வெளியே வரும். வரைபடத்தில் அழகான சரிவு, தட்டையான அடி, ஏற்றம். கோள் அன்றைக்கு விண்மீனுக்குப் பின்னால்கூட இருக்கலாம்.

இதற்கு இரண்டு காப்பு. முதல் காப்பு, விண்மீனை அசையவிடாதிருப்பது. இரவு முழுதும் 3 பிக்சலுக்குள் நின்றால் மிக நல்லது, 5 வரை பொறுக்கலாம். தனிக் கைடு ஸ்கோப் (பின்தொடர்தலைச் சரிசெய்ய மாட்டும் சிறு தொலைநோக்கி) வைத்திருப்பவர்கள் கைடிங் வரைபடம் ஒழுங்காக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். கைடு ஸ்கோப்புக்கும் முதன்மைத் தொலைநோக்கிக்கும் இடையே உலோகம் வளையும். கைடு விண்மீன் அசையாமல் நிற்கும்போதே முதன்மைக் கேமராவில் மணிக்குப் பல பிக்சல் நழுவும். முதன்மைப் படத்தையே வைத்துப் பத்துப் படத்துக்கு ஒருமுறை இடத்தைச் சரிசெய்யும் மென்பொருள் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லாவிட்டால், ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரு படங்களை ஒப்பிட்டு நகர்வை அளந்து, துருவச் சீரமைப்பை மறுபடி செய்யுங்கள்.

இரண்டாம் காப்பு, தூசி நிழலைக் கணக்கில் நீக்க உதவும் ஃபிளாட் படங்கள். சீரான ஒளிப் பலகையையோ அந்தி வானத்தையோ எடுக்கும் இந்தப் படங்களில் 25 வரை, ஒவ்வொன்றும் 20,000 முதல் 30,000 எண்ணிக்கையில். அந்தி வானம் என்றால் இரண்டு படங்களுக்கு இடையே தொலைநோக்கியைச் சற்று நகர்த்துங்கள். இடையில் விண்மீன் விழுந்தாலும், படங்களின் இடைமதிப்பை (மீடியன்) எடுத்தால் காணாமல் போகும். ஃபோகஸைக் கலைத்து அளக்கப் போகிறீர்கள் என்றால், அதே கலைந்த நிலையில் ஃபிளாட் எடுக்க வேண்டும். ஃபிளாட் எடுத்த பிறகு கேமராவைத் திருகிக் கழற்றி மாட்டினால் அந்த ஃபிளாட் செல்லாது, ஏனென்றால் நிழல் வேறு இடத்துக்குப் போயிருக்கும். ஒளி புகாமல் மூடி எடுக்கும் டார்க் படங்கள் அதே வெப்பநிலை, அதே எக்ஸ்போஷர், 20 முதல் 30 போதும்.

பனியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். முகப்புக் கண்ணாடியில் பனி படியும்போது எல்லா விண்மீன்களும் சேர்ந்து மங்கும்; ஒப்பீடு செய்தால் வகுத்துப்போய்விடும் என்று தோன்றும். ஆனால் பனி சீராகப் படியாது, விளிம்பிலிருந்து நடுவுக்கு வரும். ஒளியைச் சிதறடித்து விண்மீனைச் சுற்றி ஒளிவட்டம் போடும். சூடேற்றும் பட்டையைத் தொடக்கத்திலேயே மிதமாக இயக்கிவிட வேண்டும். நடுவில் திடீரென்று முழு வேகத்தில் போட்டால் குழாயில் வெப்ப ஓட்டம் உருவாகி ஃபோகஸ் மாறும். தொலைநோக்கிக் குழாய் இரவில் குளிர்ந்து சுருங்குவதாலும் ஃபோகஸ் தானாக நகரும். நடுவில் சரிசெய்யத் தோன்றும் கையைக் கட்டிப்போடுங்கள். மெதுவான நகர்வை, பிறகு மென்பொருளில் விண்மீனைச் சுற்றிப் போடும் அளவீட்டு வட்டத்தைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம், திடீர்த் திருகலைச் சமாளிக்க முடியாது.

ஒப்பீட்டு விண்மீன்களும் அளவீட்டு வட்டமும்

படங்கள் கையில் வந்ததும் ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே அல்லது ஹாப்ஸ் மென்பொருள் போதும், இரண்டும் இலவசம். டார்க், ஃபிளாட் திருத்தம் செய்து, இலக்கு விண்மீனைச் சுற்றி ஒரு வட்டம், அதற்கு வெளியே வானத்தின் ஒளியை அளக்க ஒரு வளையம் போட வேண்டும். வட்டத்தின் ஆரம், விண்மீன் உருவத்தின் பாதி-உயர அகலத்தைப் போல ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு. ஒரே ஆரத்தோடு நின்றுவிடாதீர்கள். 8, 10, 12, 14 பிக்சல் என்று மாற்றி மாற்றி ஓட்டி, கடப்புக்கு வெளியே உள்ள புள்ளிகளின் சிதறல் எதில் குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆரத்தை மாற்றினால் கடப்பின் ஆழமே மாறுகிறதென்றால், பக்கத்து விண்மீனின் ஒளி வட்டத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது. அந்த அந்நிய ஒளி சரிவை எப்போதும் ஆழம் குறைத்தே காட்டும்.

ஒப்பீட்டு விண்மீன் தேர்வில் பலர் பிரகாசத்தை மட்டும் பார்க்கிறார்கள். இலக்கை விட அரை பொலிவெண் கூடக் குறைய இருந்தால் சரி. அதைவிட முக்கியம் நிறம். இலக்கு ஆரஞ்சு நிற விண்மீன், ஒப்பீடு நீல விண்மீன் என்றால், இரண்டும் தொடுவானத்தை நோக்கி இறங்கும்போது நீலம் வேகமாக மங்கும். இலக்கு பிரகாசமாகிக்கொண்டே போவதுபோல ஒரு சாய்வு தெரியும். நிறக் குறியீட்டில் (விண்மீனின் நிறத்தைச் சொல்லும் எண்) வித்தியாசம் 0.3-க்குள் இருக்கட்டும். மூன்று முதல் ஆறு விண்மீன்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு ஒப்பிட்டு வரையுங்கள். அவற்றில் ஒன்று தானாகவே அலைந்துகொண்டிருந்தால், மாறொளி விண்மீனாக இருக்கும், தூக்கிவிடுங்கள். மிஞ்சியவற்றில் ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு இறங்கும் அதே நேரத்தில் சாட்சியும் இறங்கினால், நீங்கள் பார்ப்பது கோள் இல்லை.

மெல்லிய மேகம் போன இரவும் வீணில்லை. ஒப்பீட்டு விண்மீன்களின் கச்சா எண்ணிக்கையைத் தனியாக வரைந்து, வழக்கமான அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே போன படங்களை மட்டும் நீக்குங்கள். நீக்குவதற்கான விதியை வளைகோட்டைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். வளைகோட்டில் பிடிக்காத புள்ளியாகப் பார்த்துப் பார்த்துத் தூக்கினால், எதிர்பார்த்த வடிவம் எப்போதும் கிடைத்துவிடும்.

சாய்வுத் திருத்தத்திலும் அதே ஆபத்து உண்டு. மென்பொருளில் காற்றின் தடிமன், விண்மீனின் இடம், வானத்தின் ஒளி, உருவ அகலம் என்று ஏழெட்டுத் திருத்தங்களை ஒரே நேரத்தில் இயக்கலாம். இயக்கினால் சிதறல் குறையும், வரைபடம் மினுங்கும். கூடவே கடப்பின் ஆழமும் கொஞ்சம் தின்னப்பட்டிருக்கும். காற்றின் தடிமன் ஒன்றோடு தொடங்குங்கள். மற்றொன்றைச் சேர்க்கக் காரணம் கச்சாத் தரவில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நல்ல வளைகோட்டின் அடிப்பகுதி தட்டையாக இருக்காது, கிண்ணம்போல் சற்று வளைந்திருக்கும். விண்மீனின் விளிம்பு நடுவைவிட மங்கல் என்பதால் கோள் நடுவுக்கு வரும்போது அதிக ஒளியை மறைக்கிறது. ட்ரெஸ்-3 பி விண்மீனின் நடுவைத் தொடாமல் ஓரமாகக் கடப்பதால் அதன் சரிவு ஏறக்குறைய ‘வி’ வடிவத்திலேயே வரும். பிழை என்று பயப்பட வேண்டாம். எச்.டி. 189733 வேறு கதை. அது புள்ளிகள் நிறைந்த துடிப்பான விண்மீன். கோள் ஒரு கரும்புள்ளியின் மேல் போகும்போது, மறைப்பதற்கு அங்கே ஒளி குறைவு என்பதால் வளைகோட்டின் அடியில் சிறு மேடு எழக்கூடும்.

கடிகாரம்

ஆழம், நேரம் இரண்டில் நம் அளவீடு உண்மையில் பயன்படுவது நேரத்துக்காகத்தான். ஒரு கோளின் சுற்றுக்காலத்தில் 0.00001 நாள் பிழை என்றால் ஒரு சுற்றுக்கு 0.86 விநாடி. அற்பம். 1,000 சுற்றில் அது 14 நிமிடம் ஆகிவிடும். ஜேம்ஸ் வெப் போன்ற தொலைநோக்கி ஒரு கடப்புக்காக நேரம் ஒதுக்கும்போது 14 நிமிடம் அற்பமில்லை. 2022-இல் வாஸ்ப்-39 பி-யின் வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடை ஜேம்ஸ் வெப் கண்டதும் இப்படி ஒரு கடப்பின்போதுதான். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவ இருக்கும் ஏரியல் விண்கலம் சுமார் 1,000 கோள்களைப் பார்க்கப் போகிறது. அதற்கான நேரக் கணிப்புகளைப் புதுப்பித்து வைக்கவே எக்ஸோகிளாக் திட்டம் நடக்கிறது. அதில் 20, 25 செ.மீ. தொலைநோக்கிகளின் அளவீடுகளும் ஏற்கப்படுகின்றன.

அதனால் கணினிக் கடிகாரத்தை ஓட்டம் தொடங்குமுன் இணைய நேரச் சேவையகத்தோடு ஒத்திசைத்து, நடுவிலும் சில முறை ஒத்திசையுங்கள். கணினிக் கடிகாரம் ஒரு நாளில் சில விநாடி விலகுவது சாதாரணம். படத்தின் தலைப்பில் பதிவாகும் நேரம் பெரும்பாலும் எக்ஸ்போஷர் தொடங்கிய நேரம். நமக்கு வேண்டியது நடுநேரம். 60 விநாடிப் படத்தில் இதை மறந்தால் 30 விநாடி முன்னால் போய்விடும்.

அடுத்து, பூமி சூரியனைச் சுற்றுகிறது. விண்மீனின் ஒளி ஆண்டின் ஒரு பருவத்தில் நமக்கு முன்னதாக வரும், மற்றொரு பருவத்தில் தாமதமாக வரும். சூரியனோடு ஒப்பிட்டால் 8.3 நிமிடம் வரை வித்தியாசம். எனவே எல்லா நேரத்தையும் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு மாற்றி எழுத வேண்டும். பி.ஜே.டி.-டி.டி.பி. என்று மென்பொருளில் தெரிவது அதுதான். அதில் டி.டி.பி. பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது லீப் விநாடிகளை (உலகக் கடிகாரத்தில் அவ்வப்போது கூட்டும் விநாடி) சேர்க்காத சீரான காலக்கணக்கு. 2017 முதல், உலகப் பொது நேரமான யு.டி.சி.-யை விட 69.184 விநாடி முன்னால் ஓடுகிறது. உங்கள் முடிவு எல்லோரின் கணிப்பிலிருந்தும் 69 விநாடி விலகி நின்றால் புதிய கோளைக் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டாம். முதலில் இந்த அமைப்பைத் திறந்து பாருங்கள்.

விநாடிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு வாஸ்ப்-12 பி-யைக் காட்டலாம். 1.09 நாளில் ஒரு சுற்று. விண்மீனுக்கு அவ்வளவு அருகில் இருப்பதால் அலை விசையில் இழுபட்டு முட்டை வடிவமாகியிருக்கிறது. கோள் விண்மீனில் எழுப்பும் அலையில் சுற்றுப்பாதையின் ஆற்றல் கரைகிறது, கோள் உள்ளே இறங்குகிறது, ஆண்டுக்குச் சுமார் 29 மில்லிவிநாடி வீதம் சுற்றுக்காலம் குறைகிறது. எந்தத் தனி அளவீட்டிலும் 29 மில்லிவிநாடி தெரியாது. ஆனால் 10 ஆண்டில் 3,300-க்கும் மேற்பட்ட சுற்றுகள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதை விடத் துளி சீக்கிரம். எல்லாம் சேர்ந்து, மாறாத சுற்றுக்காலத்தோடு போட்ட கணக்கைவிடச் சுமார் 8 நிமிடம் முன்னதாகக் கடப்பு வரும். ஒரு நிமிடத் துல்லியத்தில் அளக்கும் தொலைநோக்கிக்கு 8 நிமிடம் நன்றாகவே தெரியும். ஒரு கோள் சில மில்லியன் ஆண்டுகளில் அழியப் போவதன் அடையாளத்தை வீட்டு மாடித் தொலைநோக்கியால் பின்தொடர முடிகிறது என்பது சாதாரணச் செய்தியா?

கண்டிப்பாகச் செய்ய வேண்டிய ஒன்றைக் கடைசியில் விட்டுவிடுவார்கள்: வளைகோட்டோடு கச்சா அளவீட்டு அட்டவணையையும் பதிவேற்றுவது. ஒவ்வொரு படத்தின் நடுநேரம், இலக்கின் எண்ணிக்கை, ஒவ்வொரு ஒப்பீட்டு விண்மீனின் எண்ணிக்கை, காற்றின் தடிமன், எக்ஸ்போஷர், ஃபில்டர், எத்தனை படம் எந்த விதிப்படி நீக்கினீர்கள் என்பது வரை. பாதியில் மேகம் மூடி, சரிவு மட்டும் கிடைத்து ஏற்றம் கிடைக்காத இரவையும் அப்படியே பாதி என்று குறித்துப் பதிவேற்றுங்கள். கணித்த நேரத்தில் சரிவே வராத இரவையும் சேர்த்துத்தான். முன்கணிப்பு ஒரு மணி நேரம் விலகிப்போன கோள்களுக்கு, ‘இந்த மூன்று மணி நேரத்தில் எதுவும் நடக்கவில்லை’ என்ற தட்டைக் கோடு அடுத்தவர் தேட வேண்டிய நேரத்தை அந்த அளவுக்குக் குறைக்கிறது.